ரைடு எத்தனை என்று கேட்காதீர்கள்: ஈசிஆரிலிருந்து இள்ளலூர் வரை

புதன், இஞ்சம்பாக்கம்

சென்னையில் தீம் பார்க் பேச்சை எடுத்தாலே முதலில் வருவது விஜிபிதான். தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயரெடுத்த வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பத்தின் கோல்டன் பீச், பின்னாளில் யுனிவர்சல் கிங்டம் ஆனது. அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதனை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டிய பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். 2019-இல் பக்கத்திலேயே மரைன் கிங்டம் மீன் காட்சியகம் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் ஏசி உள்ள காட்சியகத்தை மதியம் 12 முதல் 2 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வெளியே இரும்பு சீட்டில் உட்கார முடியாது. ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கம் உத்தண்டி டோலுக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் நகரத்திலிருந்து காரில் வருபவர்களுக்கு டோல் செலவும் மிச்சம்.

பழைய ரசிகர்கள் கூடினால் "அப்பெல்லாம் எப்படி இருந்துச்சு" என்ற பேச்சு வராமல் போகாது. அதில் பாதி வெறும் ஏக்கம். மீதிப் பாதிக்குக் கணக்கு உண்டு. ஒருகாலத்தில் கேட்டில் ஒரு டிக்கெட், உள்ளே ரைடுக்கு ரைடு தனி டிக்கெட் என்று வாங்கினோம். தீவுத்திடல் பொருட்காட்சியில் இன்றும் அப்படித்தான். அந்த முறையில் ஒரு ராட்டினம் நின்றால் முதலாளிக்கு அந்த மணி நேரமே நஷ்டம், உடனே ஆள் ஓடும். இப்போது பெரும்பாலான பூங்காக்கள் ஒரே டிக்கெட்டுக்கு மாறிவிட்டன. பணம் காலையிலேயே கவுன்டரில் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ரைடு ஓடினால் கரன்ட் செலவு, ஆள் செலவு, தேய்மானம். ஓடாவிட்டால் அத்தனையும் மிச்சம். போர்டில் 40 ரைடு என்று போட்டுவிட்டு 28 மட்டும் சுற்றுவதற்கு இதுதான் வழி திறந்துவிட்டது. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் கவுன்டரில் கேட்க வேண்டியது "எத்தனை ரைடு இருக்கு?" அல்ல, "இன்னைக்கு எது எது ஓடல?" பதிலைச் சட்டென்று பட்டியலாகச் சொன்னால் நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். "உள்ள போய்ப் பாருங்க சார்" என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் நின்று பார்க்க வேண்டியது கொலம்பஸ், அதாவது ஊஞ்சல்போல ஆடும் கப்பல் ரைடு. எந்தப் பூங்காவானாலும் அதன் பராமரிப்பை இந்த ஒரு கப்பலை வைத்தே சொல்லிவிடலாம். கப்பலின் அடியில், பிளாட்பாரத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் ஒரு ரப்பர் டயர் தெரியும். மோட்டார் அந்த டயரைச் சுற்றும். டயர் மேலெழும்பி கப்பலின் அடிப்பட்டையில் உரசி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தள்ளு கொடுக்கும். பிரேக்கும் அநேகமாக அதே டயர்தான். டயர் தேய்ந்திருந்தால் கப்பல் பழைய உயரத்துக்கு ஏறாது, நிறுத்தும்போது கீச்சென்று சத்தம் வரும், அடியில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். காற்று குறைந்த டயரானால் தள்ளு வலுவிழக்கும். தூறல் போட்டதும் கொலம்பஸை முதலில் நிறுத்துவது இதனால்தான்: பட்டை நனைந்தால் டயர் வழுக்கும், வழுக்கினால் பிரேக் பிடிக்காது. மழையில் நிறுத்தியதற்காக ஆபரேட்டரோடு சண்டை போடாதீர்கள். மழையில் நிறுத்தாவிட்டால்தான் போட வேண்டும்.

அடுத்தது மோதி விளையாடும் டேஷிங் கார். மொத்தம் எத்தனை கார், ஓரமாக ஒதுக்கி வைத்தவை எத்தனை, அவற்றில் எத்தனைக்கு மேல்கம்பியோ ஸ்டியரிங்கோ இல்லை என்று எண்ணுங்கள். ஒரு காரைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டி ஓட்டும் பழக்கம் இருந்தால் அது இங்கேதான் முதலில் தெரியும். ஒதுக்கியவை கால்வாசியைத் தாண்டினால், உதிரிபாகம் வாங்கும் பட்ஜெட் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அதே பட்ஜெட்டில்தான் பெரிய ரைடுகளுக்கும் பாகம் வாங்குவார்கள்.

வியாழன், முட்டுக்காடு

டோல் தாண்டி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட். பக்கத்திலேயே அவர்களுடைய பீச் ரிசார்ட்டும் இருக்கிறது. இஞ்சம்பாக்கமோ முட்டுக்காடோ, ஈசிஆர் பூங்கா எதுவானாலும் பெரிய எதிரி ஒன்றுதான்: உப்புக்காற்று. ஊருக்குள் பல வருஷம் தாங்கும் பெயின்ட் இங்கே அதில் பாதிகூடத் தாங்காது. கடல் பக்கம் பார்த்த தூண்களையும் ரோட்டுப் பக்கம் பார்த்த தூண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே ரைடில் இரண்டு வயது தெரியும்.

துரு எல்லாம் ஒன்றல்ல. பெயின்ட் மேல் ஓடும் காவிக் கோடு பெரும்பாலும் ஒரு போல்ட்டின் தலையிலிருந்து வழிந்தது, அசிங்கம், அவ்வளவுதான். பெயின்ட் கொப்புளித்து உரிந்து, கீழே அடுக்கடுக்காகத் தகடு பெயர்ந்தால் இரும்பின் கனம் குறைந்துகொண்டிருக்கிறது. வெல்டிங் தையல் நெடுக மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசலாகவும் இருக்கலாம். அந்த ரைடில் ஏற வேண்டாம். ஜிங்க் பூச்சு போட்ட கம்பி சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். பளபளப்பு இல்லையே என்று குறை சொல்லாதீர்கள், கடலோரத்துக்கு அதுதான் சரி. புதுசாக அடித்த பளிச்சென்ற பெயின்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். போல்ட் தலைக்கும் பட்டைக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவில் ஒரு நேர்கோடு இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து தெரியும். தினசரி சுற்றிப் பார்க்கும் மெக்கானிக் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கோடு இருக்கும்.

2025 மே மாதம் ஈசிஆர் பூங்கா ஒன்றில் ரைடு மேலேயே நின்றுபோய், தீயணைப்புத் துறை ஸ்கைலிஃப்ட் கொண்டுவந்து எல்லோரையும் இறக்கியது செய்தியில் வந்தது. நடுவில் நிற்பது என்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். கரன்ட் போனாலோ சென்சார் தப்பாகச் சொன்னாலோ பிரேக் தானாகப் பிடிக்கும்படிதான் வடிவமைப்பார்கள். கேட்க வேண்டியது, நின்றபின் இறக்க என்ன வழி என்பது. ரோலர் கோஸ்டரில் ஏற்றத்தை ஒட்டிப் படிக்கட்டும் கைப்பிடியும் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் கை வைத்த ரைடானால், கரன்ட் இல்லாமலே வால்வைத் திறந்து மெதுவாகக் கீழே விடும் வசதி இருக்கும். அதைக் கையாளத் தெரிந்த ஆள் அன்று ஷிஃப்டில் இருந்தாக வேண்டும். அந்த ஆள் இல்லாதபோதுதான் தீயணைப்பு வண்டி வரை போகிறது.

ஈசிஆர் ரிசார்ட்டில் தங்குபவர்களுக்கு: கடல் பார்த்த ரூம் என்று கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் சாவியை வாங்கிப் போய் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஏசியை 20-இல் வைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளை உப்பு தின்றிருந்தால் சத்தம் மட்டும் வரும், குளிர் வராது. பால்கனிக் கதவு தண்டவாளத்தில் ஓடுகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா பாருங்கள். குளியலறைக் குழாயில் தண்ணீரைப் பிடித்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள்; நுரைக்காவிட்டால் அது உவர் போர் தண்ணீர், தலைமுடிக்கு ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேல்மாடியைவிட முதல் மாடி நல்லது: மொட்டை மாடி ஈரமும் வராது, தரைத்தளத்தின் பூஞ்சை வாடையும் இருக்காது.

வெள்ளி, செம்பரம்பாக்கம்

கடலை விட்டு மேற்கே, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் குயின்ஸ்லேண்ட். உப்புக்காற்றுத் தொல்லை இங்கே கிடையாது. வெயிலும் தண்ணீரும்தான் இந்தப் பக்கத்துக் கவலை.

தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம். குளத்தில் இறங்கினால் கண் எரிகிறது, மூக்கைத் துளைக்கும் வாடை, உடனே "குளோரின் அதிகமாப் போட்டுட்டாங்க" என்பார்கள். நேர்மாறு. வேர்வை, எண்ணெய், மூத்திரம் இவற்றோடு சேர்ந்து செலவாகிப்போன குளோரின்தான் அந்த வாடையைக் கிளப்புகிறது. வேலை செய்யும் குளோரின் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். தனிக் குளோரின், அதாவது இன்னும் செலவாகாதது, 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில-கார அளவான பிஎச் 7.2 முதல் 7.8 என்று இருந்தால் நல்லது. இதை அளக்கும் பட்டை ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்து நனைத்து நிறம் பாருங்கள், மேல்பரப்புத் தண்ணீரில் வெயில் குளோரினைத் தின்றிருக்கும். கத்திரி வெயிலில் காலை போட்ட குளோரின் மதியத்துக்குள் காலியாகிவிடுவதால், இடையில் மறுபடி போடுகிற பூங்காவா, இரவு ஒரே தடவை கொட்டிவிட்டுப் போகிற பூங்காவா என்பது பிற்பகல் 3 மணிக்குத் தெரிந்துவிடும். பட்டை இல்லையா? செயற்கை அலைக் குளமான வேவ் பூலின் ஆழமான பக்கத்தில் தரையின் ஓட்டுக் கோடுகள் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் இறங்க வேண்டாம்: கிருமி ஒருபுறம் இருக்கட்டும், மூழ்குபவரை லைஃப்கார்டால் பார்க்கவே முடியாது.

வேவ் பூலில் அலை எழுவது பின்சுவருக்குப் பின்னால் உள்ள அறைகளிலிருந்து. பெரிய ஃபேன்கள் அந்த அறைகளுக்குள் காற்றை அடைத்து அடைத்து விடும், தண்ணீர் கீழ்வழியாகத் தள்ளப்படும். எல்லா அறையும் வேலை செய்தால் அலை குளம் முழுக்க ஒரே நேர்கோட்டில் வரும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் சொத்தையாகவும் வந்தால் ஒரு ஃபேனோ வால்வோ போய்விட்டது. சின்னப் பிள்ளைகளோடு சொத்தையான பக்கம் நிற்பது வசதி.

சறுக்குகளில் தண்ணீர் அழகுக்கு விடுவதில்லை. அதுதான் மசகு. பம்பைக் குறைத்து ஓட்டினால் உடம்பு நடுவழியில் நிற்கும், பின்னால் வருபவர் வந்து இடிப்பார். மேலே ஏறுமுன் அடியில் நின்று, சறுக்கின் வளைவுகளில் தண்ணீர் சுவரேறிப் போகிறதா, நடுவில் மட்டும் ஒரு கோடாக ஓடுகிறதா பாருங்கள். கோடாக ஓடினால் விட்டுவிடுங்கள். முதுகில் வரிவரியாகச் சிராய்ப்பு வருவது இரண்டு பைபர் துண்டுகள் சேரும் மூட்டில், கோந்து போய் ஒரு விளிம்பு எழுந்து நிற்பதால். வழவழப்பான மேல்பூச்சு வெயிலில் வெளுத்து மாவுபோல ஆகிவிட்டாலும் வேகம் குறையும். கைவிரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் ஒட்டினால் பூச்சு முடிந்தது.

ஜீன்ஸ், ஜிப், கொக்கி, சேலை, துப்பட்டா எதையும் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். இரும்புப் பொத்தான் மேல்பூச்சைக் கீறும், தொங்கும் துணி சறுக்கின் மூட்டிலோ வடிகால் கிரில்லிலோ மாட்டும். நீச்சல் உடை உள்ளே வாடகைக்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் டபுள் மடங்கு விலைக்கு விற்பார்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவில் நைலான் லெகிங்ஸும் முழுக்கை டீஷர்ட்டும் ஆளுக்கு ஒரு செட் முன்னாடியே வாங்கிவிடுங்கள். பருத்தி வேண்டாம், கனத்துத் தொங்கும், சறுக்கிலும் பிடிக்கும்.

சனி, ஞாயிறு

பூங்கா இல்லை. சனி ஞாயிறில் போகவே கூடாது என்பதற்குக் கூட்டல் கழித்தல் போதும்: கூட்டம் எவ்வளவு வந்தாலும் ரைடு மணிக்கு ஏற்றும் ஆள் எண்ணிக்கை மாறாது, வரிசைதான் நீளும்.

24 பேர் உட்காரும் ஒரு கோஸ்டர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் 2 நிமிஷம், இறக்கி ஏற்றிக் கம்பியைச் சரிபார்க்க இரண்டரை நிமிஷம். ஒரே ரயில் என்றால் மணிக்கு 13 சுற்று, சுமார் 310 பேர். இரண்டு ரயில் விட்டால் ஒன்று ஓடும்போது மற்றதில் ஆள் ஏறும். இரண்டரை நிமிஷத்துக்கு ஒரு சுற்று, மணிக்கு 576 பேர். வரிசையில் 500 பேர் நின்றால் 52 நிமிஷமா, 97 நிமிஷமா என்பதை அந்த இரண்டாவது ரயில் முடிவு செய்கிறது. பிரேக் தண்டவாளத்துக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு ரயில் மூடி நின்றால், அச்சு சோதனைக்காகக் கழற்றியிருக்கலாம், அது நியாயம். இரண்டும் நன்றாக இருந்தும் ஆள் பற்றாக்குறைக்காக ஒன்றை மட்டும் விடுவது நியாயமில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 2013-இல் நின்று 2015-இல் திரும்ப வந்தபோது, வரிசைக்கு 4 சீட் இருந்த ரயில் 2 சீட்டாகிவிட்டது. சுற்று அதே, ஏறுவது பாதிப் பேர். ஃப்ளோரிடா டிஸ்னியில் 1999 முதல் இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021-இல் அந்த இடத்துக்குக் கட்டண முறை வந்தது. ரிசார்ட்டில் தங்குபவர்களை ஏர்போர்ட்டிலிருந்து காசில்லாமல் கூட்டிவந்த பஸ்ஸும் 2022 தொடக்கத்தோடு நின்றது. அங்குள்ள பழைய ரசிகர்கள் புலம்புவதும் நாம் புலம்புவதும் ஒன்றுதான்; கரன்சி மட்டும் வேறு.

காசு கொடுத்து முன்னால் போகும் டிக்கெட் நம் பக்கமும் வந்துவிட்டது. மணிக்கு 600 பேர் ஏறும் ரைடில் உங்களுக்கு முன் 300 பேர் என்றால் அரை மணி நேரம். அதில் 40 சதவீத இடத்தை வேக வரிசைக்கு ஒதுக்கினால் உங்களுக்கு மிஞ்சுவது 360, காத்திருப்பு 50 நிமிஷம். சாதாரண நாளில் அந்த டிக்கெட் வீண் செலவு. பொங்கல் விடுமுறையிலும் மே மாதத்திலும் ஒரே நாள் மட்டும் இருந்தால் வாங்கலாம்.

திங்கள், இள்ளலூர்

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா. 2000-இல் கொச்சியில் வீகாலேண்டாகத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளியின் நிறுவனம், பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வர் எல்லாம் போய்விட்டுத்தான் சென்னைக்கு வந்தது. உள்ளாட்சி கேளிக்கை வரி விஷயத்தில் இழுபறியாகிப் பல வருஷம் கிடந்த திட்டம். 2025 டிசம்பரில் திறந்தார்கள். 64 ஏக்கருக்கு மேல், 43 ரைடு, 611 கோடி ரூபாய் முதலீடு. பெங்களூர்போலத் தங்கும் ரிசார்ட்டை எதிர்பார்த்துப் பெட்டியோடு வர வேண்டாம். திருப்போரூர், கேளம்பாக்கம் லாட்ஜோ மாமல்லபுரம் ரிசார்ட்டோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்கள் இவ்வளவு தூரம் வருவது தஞ்சோராவுக்காக. ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட் செய்த தொங்கும் கோஸ்டர், இந்தியாவில் இவர்களுடையது இதுதான் முதல். தண்டவாளம் தலைக்கு மேல், கால் அந்தரத்தில். இந்த வகையை இந்த நிறுவனம் 1992-இல் சிகாகோ அருகே முதலில் அறிமுகப்படுத்தியது. ரயிலில் ஒரு வரிசைக்கு நான்கு பேர். முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள், காட்சிக்கு அது சரி. விசைக்கு என்றால் கடைசி வரிசை: இறக்கத்தின் உச்சியை ரயிலின் வால் தாண்டும்போது முன்பாதி ஏற்கெனவே இறங்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஓர சீட்டில் சுழற்சி அதிகம், நடு இரண்டில் தலைசுற்றல் குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், மூக்குக் கண்ணாடிக்குப் பின்கயிறு இல்லாவிட்டால் அதையும். பெரிய கோஸ்டர்களுக்கு உயரம் பொதுவாக 140 செ.மீ. கேட்பார்கள், பிள்ளையை வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் அளந்துவிட்டுக் கூட்டிவாருங்கள், வரிசையின் முடிவில் அழ வைக்க வேண்டாம்.

கோஸ்டர் சக்கரத்தை ஸ்டேஷனில் நிற்கும்போது பாருங்கள். ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று வகை: பாரம் தாங்குவது, பக்கவாட்டில் பிடிப்பது, எதிர்ப்பக்கமிருந்து தண்டவாளத்தை விடாமல் பிடித்திருப்பது. மூன்றுக்கும் மேலே பாலியூரிதேன் உறை. இந்த உறை சூட்டில் இளகும். சென்னை மே மாதத்தில் கொப்புளம் விடும், துண்டு பெயரும். பெயர்ந்த சக்கரத்தோடு ஓடினால் டடக் டடக் என்று ஒரே தாளத்தில் அதிர்வு வரும், வேகம் கூடக் கூடத் தாளமும் கூடும். தண்டவாளத்துக் கோளாறானால் அதிர்வு எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் வரும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் புகாரைத் தெளிவாகச் சொல்லலாம். காலையில் ஆளில்லாமல் ரயில் ஓடுவதைப் பார்த்து "ஏன் இன்னும் ஏத்தல" என்று சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அன்றைய சோதனை ஓட்டம், அதைச் செய்யாத பூங்காதான் பயப்பட வேண்டிய பூங்கா.

திறப்பின்போது சாதாரண நாள் கட்டணம் 1,489 ரூபாய். ஜிஎஸ்டி 2018-இல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தும் ஊரில் டிக்கெட் விலை குறைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. பணத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்றால், நாளொன்றுக்குக் குறைந்தது எட்டுப் பெரிய ரைடுகளில் ஏற முடிந்தால் இருக்கிறது. வார நாளில் அது நடக்கும். கேட் திறந்ததும் எல்லோரும் கண்ணில் படும் முதல் ரைடில் நிற்பார்கள். நேராகத் தஞ்சோராவுக்குப் போய், பிறகு மற்ற உலர் ரைடுகளை 12 மணிக்குள் முடித்துவிட்டு, சாப்பாட்டை 12-க்கோ இரண்டரைக்கோ வைத்து, தண்ணீருக்கு மூன்று மணிக்கு இறங்குங்கள். நனைந்தபின் உலர் ரைடில் ஏற்றமாட்டார்கள், திரும்பி வருவதற்கு உடை மாற்றவே முக்கால் மணி போகும்.

புதுப் பூங்காவைப் பார்த்து "இதுதான்டா பார்க்" என்று இப்போதே பழையவற்றை மட்டம் தட்டுவது அவசரம். எந்தப் பூங்காவும் முதல் இரண்டு வருஷம் பளபளக்கும். முதல் செட் சக்கரம், முதல் பம்ப் சீல், முதல் மேல்பூச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டிவரும். அப்போது போய் வெள்ளைத் தூளும் டயர்ச் சத்தமும் பார்த்துவிட்டு ஒப்பிடலாம். முப்பது வருஷமாக உப்புக்காற்றில் ராட்டினம் சுற்றுகிறவர்களை அந்தக் கணக்கில்தான் எடை போட வேண்டும்.

போக்குவரத்து: தி.நகரிலிருந்து திருப்போரூருக்கு 19, தாம்பரம் பக்கமிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் போகும் 515. திருப்போரூரில் இறங்கி ஆட்டோ, ஏறுமுன் திரும்பும் கட்டணமும் பேசிவிடுங்கள். காரில் என்றால் நாவலூர் டோல் 2023-இலேயே போய்விட்டது, ஆனால் மெட்ரோ வேலையால் சோழிங்கநல்லூர் பக்கம் மாலை 5.30 முதல் 8 வரை நகராது. ஐந்துக்கே கிளம்பிவிடுங்கள், முடியாவிட்டால் கேளம்பாக்கத்தில் சாப்பிட்டுவிட்டு எட்டுக்கு மேல் வண்டியை எடுங்கள்.